அங்கோர் வாட் விடியல்: எல்லாரும் எடுத்த படத்தையே நானும் எடுத்தேன், இன்னும் இரண்டு நாள் டிக்கெட் இருக்கிறது

மயிலை_பாபு | செவ்வாய், இரவு 7.10

எல்லாருக்கும் வணக்கம். கம்போடியாவில் சியம் ரீப் ஊரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் டிக்கெட் 62 டாலர். அதில் முதல் நாள் இன்று போயிற்று. மனசு சரியில்லை.

காலை 4 மணிக்கு எழுந்து, டுக்டுக் பிடித்து, 5.10க்கெல்லாம் அங்கோர் வாட்டின் வடக்குக் குளத்தங்கரைக்குப் போய்விட்டேன். மேற்கு வாசல் வழியாக உள்ளே நடந்தால் இடது கைப்பக்கம் வரும் குளம். கோபுரங்கள் தண்ணீரில் தெரிகிற படங்கள் எல்லாம் இங்கே எடுப்பவைதான். கோயில் திறப்பதே 5 மணிக்கு. எனக்கு முன்னால் மூன்று வரிசை எப்படி வந்து நின்றதோ தெரியவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு பார்த்தசாரதி கோயில் வாசலில் நின்ற மாதிரி இருந்தது. ட்ரைபாடின் ஒரு காலை மடக்கி, ஒரு காலைச் சேற்றில் ஊன்றி, மூன்றாவதை ஒரு ஜெர்மன்காரரின் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் முறைத்தார்.

வந்த படம் இதுதான். கோபுரம் கன்னங்கரேலென்று அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி. வானம் வெள்ளைத் தாள். கீழே ஓரத்தில் யாரோ ஒருவருடைய செல்பி குச்சி. விடுதிக்குத் திரும்பினால் வரவேற்பறைச் சுவரில் இதே கோணத்தில், இதைவிட நல்லதாக ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். நேற்று அது கண்ணில் படவில்லை.

கையில் இருப்பது கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், மச்சானிடம் இரவல் வாங்கிய, தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் 70-300 லென்ஸ். நாளையும் அங்கேயே போய் நிற்பதா, வேறு ஏதாவது செய்வதா? திட்டினாலும் பரவாயில்லை, விவரமாகத் திட்டுங்கள்.


கோவை_ஷட்டர் | செவ்வாய், இரவு 7.45

பாபு, முதலில் ஒரு விஷயம். நம் ஊர்க் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு பார்த்தவை. விடிந்ததும் ராஜகோபுரத்தின் முகத்திலேயே வெயில் விழும், நமக்குப் பழக்கமானது அதுதான். அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. விடியலில் நீங்கள் வாசல் பக்கம் நிற்கிறீர்கள், சூரியன் கோயிலின் முதுகுக்குப் பின்னால் வருகிறது. கறுப்பு அட்டை வராமல் வேறு என்ன வரும்?

அந்தக் கறுப்பு உருவமே அழகுதான், வானத்தில் நிறம் இருந்தால். சியம் ரீப்பும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, இரண்டும் 13 டிகிரி வடக்கை ஒட்டி. மெரினாவில் பார்த்திருப்பீர்கள், கருக்கல் சட்டென்று முடிந்துவிடும். ஐரோப்பாக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இருக்கிற நீண்ட விடியல் நமக்குக் கிடையாது. சூரியன் உதிப்பதற்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஒரு பத்து நிமிடம் ஊதாவும் சிவப்பும் இருக்கும், அவ்வளவுதான்.

எத்தனை மணிக்கு கிளிக் செய்தீர்கள் என்று படத்தின் விவரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.


மயிலை_பாபு | செவ்வாய், இரவு 8.02

பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. பெரும்பாலான படங்கள் 6.20க்கும் 6.50க்கும் நடுவில். 5.40 வாக்கில் பின்னால் கடைக்கார அக்கா காபி காபி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், போய்க் குடித்துவிட்டு வந்தேன். இடத்தை அந்த ஜெர்மன்காரர் பார்த்துக்கொண்டார். மனுஷன் நல்லவர்தான்.


கோவை_ஷட்டர் | செவ்வாய், இரவு 8.10

அந்தக் காபியில்தான் படம் போயிற்று. நவம்பர் நடுவில் அங்கே உதயம் 6 மணியை ஒட்டி. ஆனால் குளத்தங்கரையிலிருந்து பார்த்தால் நடுக்கோபுரம் 65 மீட்டர் உயரத்துக்கு மறைத்துக்கொண்டு நிற்கிறது. சூரியன் அதற்கு மேல் தலை காட்ட இன்னும் அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் வானம் வெளுத்துவிடும். கூட்டம் காத்திருப்பது அந்தச் சூரிய வட்டத்துக்காக, படம் அதற்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிடுகிறது.


சிங்கை_உமா | செவ்வாய், இரவு 8.40

நான் நான்கு முறை போயிருக்கிறேன் (இங்கிருந்து பக்கம்). கோவை அண்ணா சொன்னது சரி. சில சேர்க்கைகள்.

குளக்கரைக்கு ஏன் எல்லாரும் ஓடுகிறார்கள் என்றால், நேர் நடைபாதையில் நின்றால் மூன்று கோபுரம்தான் தெரியும், பின்னால் உள்ள இரண்டும் முன்னால் உள்ளவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். சாய்வாக நின்றால்தான் ஐந்தும். அதனால் அந்த இடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு தடவை எடுத்துத்தான் ஆக வேண்டும், ஜுரம் மாதிரி, வந்துவிட்டுப் போகட்டும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக வரும் நாட்களை ஒட்டிப் போனால் மட்டும் கதை வேறு, நடைபாதையில் நின்றால் நடுக்கோபுரத்தின் உச்சியிலேயே சூரியன் வந்து உட்காரும்.

நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். 5.15 முதல் 5.50 வரை குளம். காபி கூடாது. ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளை) 8, வெளிச்ச அளவை மாற்றி மாற்றி மூன்று படம், ரா பார்மட்டில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக). கேமரா பெரிய ஆள் மாதிரி எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும், விடாதீர்கள், ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், குறைத்தே வையுங்கள்.

6 மணி ஆனதும் எல்லாரும் சூரியனுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குள் நடங்கள். நேராகப் பின்பக்கம், கிழக்குச் சுற்று மண்டபம், அதன் தெற்குப் பாதி. பாற்கடல் கடையும் புடைப்புச் சிற்பம், 49 மீட்டர் நீளம். மண்டபம் கிழக்கே திறந்து தூண்களோடு இருப்பதால் காலை வெயில் நேராகச் சுவரில் விழும். அந்த நேரத்தில் அங்கே ஈ, காக்கா இருக்காது. கூட்டம் சூரியனைப் பார்த்துவிட்டு விடுதிக்கு நாஷ்டாவுக்குப் போய்விடும்.

மேற்குச் சுற்றில் குருட்சேத்திரமும் இலங்கைப் போரும் இருக்கின்றன. அவற்றுக்கு மாலை 4 மணி வெயில். காலையில் போனால் வெறும் சாம்பல் நிறம்.


பிக்சல்_ராஜா | செவ்வாய், இரவு 9.05

இவ்வளவு கஷ்டம் எதற்கு? அந்தப் படத்திலேயே வானத்தை மாற்றிவிடுங்கள். இரண்டு கிளிக். என்னிடம் நல்ல மேகங்களாக முப்பது, நாற்பது இருக்கின்றன, அனுப்புகிறேன்.


கோவை_ஷட்டர் | செவ்வாய், இரவு 9.12

ராஜா, போன வருஷம் நீங்கள் போட்ட ஹம்பி படத்திலும் கொடைக்கானல் படத்திலும் ஒரே மேகம் இருந்தது. வால் மாதிரி ஒன்று வலது பக்கம் தொங்குமே, அதேதான்.


பிக்சல்_ராஜா | செவ்வாய், இரவு 9.14

கவனித்த ஒரே ஆள் நீங்கள்தான் 😄 ஆனால் அந்தப் படத்துக்கு எத்தனை லைக் வந்தது என்று பார்த்தீர்களா? நான் பத்திரிகைக்கா எடுக்கிறேன்? சுவரில் மாட்ட எடுக்கிறேன். ஓவியன் வானத்தைத் தன் இஷ்டத்துக்கு வரைகிறான், அவனை யாரும் கேட்பதில்லை.


சிங்கை_உமா | செவ்வாய், இரவு 9.30

ஓவியன் நான் அன்று அங்கே நின்றேன் என்று சொல்வதில்லை, ராஜா. உங்கள் படத்துக்குக் கீழே “காலை 5.45, துங்கபத்திரைக் கரை” என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மேகத்தைவிட அந்த வரிதான் உறுத்தியது. வானத்தை மாற்றினால் மாற்றினேன் என்று எழுதிவிடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்.


மயிலை_பாபு | செவ்வாய், இரவு 9.50

மேகம் வேண்டாம் ராஜா, நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் டுக்டுக் ஓட்டுநர், ரொம்ப மரியாதையான பையன், ஒரு யோசனை சொன்னார். காவி உடுத்திய இளம் பிக்கு ஒருவர் தெரிந்தவராம், சொன்னால் ஒரு சிதைந்த கோயிலின் வாசலில் வந்து நிற்பாராம், சாம்பிராணிப் புகையும் போட்டுக் கொடுப்பாராம். கொஞ்சம் டாலர் செலவாகும். படம் அமர்க்களமாக இருக்கும் என்று காட்டினார், உண்மையிலேயே அமர்க்களமாகத்தான் இருந்தது. செய்யலாமா?


திருகோணமலையான் | செவ்வாய், இரவு 10.20

தம்பி, இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். இப்போது டொரண்டோவில் இருக்கிறேன், ஆனால் ஊர் இலங்கை.

எங்கட தெற்குக் கரையில், கொக்கல, வெலிகம பக்கம், கடலுக்குள் கம்பு நட்டு அதில் குந்தியிருந்து மீன் பிடிக்கிற ஆட்களின் படம் நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அது பிழைப்பு. இப்போது அங்கே போனால் பெரும்பாலும் படத்துக்காக ஏறி இருக்கிறவர்கள்தான். கரையில் ஒருவர் நின்று காசு வாங்குவார். நான் 2016இல் போனபோது ஒரு பெரியவர் தூண்டிலில் முள்ளே இல்லாமல் இருந்தார். நான் கேட்டேன், சிரித்தார். “மீன் பிடித்தால் இவ்வளவு காசு வராது மகன்” என்றார்.

அதற்குப் பிறகு அவரை நான் குறை நினைக்கவில்லை. அவர் நடிக்கிறார், அதற்குக் கூலி வாங்குகிறார். ஆனால் அந்தப் படத்தை வீட்டில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. முள் இல்லாதது படத்தில் தெரியாது, எனக்குத் தெரியும்.


லென்ஸ்_லட்சுமி | செவ்வாய், இரவு 10.45

மியான்மரில் பகானில் இதே கதை. ஓட்டை வழியாக வெயில் கற்றையாக விழும், கீழே குட்டி பிக்கு ஒருவர் புத்தகம் வாசித்துக்கொண்டிருப்பார். நான் எடுத்தேன், ஒளிக்கவில்லை. எங்கள் குழுவில் எட்டுப் பேர் வரிசையில் நின்று அதே பையனை எடுத்தோம். அந்தப் பையன் நடுநடுவே கொட்டாவி விட்டான். நான் எடுத்ததில் இன்றும் எனக்குப் பிடித்த படம் அந்தக் கொட்டாவிதான், மற்ற ஏழு பேரும் அதை அழித்துவிட்டார்கள்.

பாபு, அங்கோர் நிர்வாகமே வருகிறவர்களுக்கு நடத்தை விதி போட்டிருக்கிறது. பிக்குகளைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும், ரொம்ப நெருங்கி நிற்கக் கூடாது, பெண்கள் தொடவே கூடாது. குழந்தைகளுக்குக் காசோ மிட்டாயோ கொடுக்க வேண்டாம் என்பதும் அதில் உண்டு. கொடுத்தால் பள்ளிக்கூடம் போகாமல் இங்கேயே நிற்பார்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், இல்லாவிட்டால் மேல்தளத்துக்கு விட மாட்டார்கள். ட்ரோன் இருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும், அனுமதி இல்லாமல் பறக்க விட முடியாது.

டுக்டுக் பையனிடம் வேண்டாம் என்று சொல்லி, அதே காசை டிப்ஸாகக் கொடுத்துவிடுங்கள். நம் கணக்கு நேராகிவிடும்.


மயிலை_பாபு | புதன், இரவு 6.30

இரண்டாம் நாள் அறிக்கை.

குளம்: 5.35இலிருந்து 5.46 வரை வானம் ரோஸ், ஊதா, கடைசியில் ஆரஞ்சு. சத்தியமாகப் பதினொரு நிமிடம்தான். இணைத்திருக்கிறேன். நேற்றையதைவிட நூறு மடங்கு மேல், ஆனால் இன்னமும் விடுதிச் சுவரில் இருப்பதுதான். உமா மேடம் சொன்ன ஜுரம் விட்டது.

6 மணிக்குக் கிளம்பி உள்ளே போனேன். மண்டபத்தில் வௌவால் வாடை. ஒரு பெருக்குகிற அம்மா, நான், அவ்வளவுதான். 6.50 வாக்கில் மரங்களுக்கு மேல் வெயில் வந்தது. நான் நினைத்த மாதிரி சுவர் முழுக்க விழவில்லை. தூண்களின் நிழல் பட்டை பட்டையாக விழுந்து, நடுவில் மட்டும் வெளிச்சம். வாசுகியைப் பிடித்து இழுக்கிற அசுரர்கள் வரிசையில் ஒருவர் வெளிச்சத்தில், ஒருவர் இருட்டில் என்று மாறி மாறி நிற்கிறார்கள். நிழல் மெதுவாக நகர நகர அவர்கள் இழுக்கிற மாதிரியே இருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஒருவரும் வரவில்லை.

மக்கள் தொட்டுத் தொட்டுச் சில இடம் எண்ணெய் தேய்த்த மாதிரி கறுத்துப் பளபளக்கிறது, அதுவும் படத்தில் வந்திருக்கிறது. 18-55இல் 35 எம்எம், ஐஎஸ்ஓ 800, கையில் பிடித்தே எடுத்தது. பெருக்குகிற அம்மாவிடம் சைகையில் கேட்டேன், தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். நான்காவது படம் அவர்.


கோவை_ஷட்டர் | புதன், இரவு 7.00

நான்காவது. வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. துடைப்பம் சரியாக வெளிச்சப் பட்டையில் வந்திருக்கிறது, தெரிந்து எடுத்தீர்களா?


மயிலை_பாபு | புதன், இரவு 7.04

இல்லை. பதினேழு எடுத்தேன், ஒன்றில் வந்தது.


போன்_போதும் | புதன், இரவு 7.40

நான் போனில்தான் எல்லாம் எடுப்பேன், நானும் ஒரு வார்த்தை. விடியலில் திரையில் வானத்தைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, விரலால் கீழே இழுத்தால் போதும். முன்வரிசை ஆட்களின் திரைகளையே படமாக எடுத்தேன், நாற்பது குட்டிக் கோபுரங்கள், பின்னால் ஒரு நிஜக் கோபுரம். யாரோடும் இடத்துக்குச் சண்டை போட வேண்டியதில்லை.


சிங்கை_உமா | புதன், இரவு 8.15

பாபு, மூன்றாம் நாளுக்கு பந்தியாய் ஸ்ரே. சியம் ரீப்பிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், டுக்டுக்கில் ஒரு மணி நேரம். சின்னக் கோயில், சிவந்த மணற்கல், 967இல் குடமுழுக்கு. அரசன் கட்டியதில்லை, யக்ஞவராகர் என்ற அரச குரு கட்டியது. செதுக்கு வேலை சந்தனக்கட்டையில் செய்த மாதிரி இருக்கும். 1923இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ இங்கிருந்து சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார். அதே ஆள் பின்னாளில் பிரான்சின் கலாசார அமைச்சர்!

இந்தக் கோயில் கிழக்கு பார்த்தது, காலையில் போகலாம். திறப்பது 7.30. ஆனால் நேர் வெயிலில் செதுக்கு தட்டையாகிவிடும். பொறுத்து, 9 மணிக்கு மேல் வெயில் சரிந்து விழும்போது எடுங்கள், குழியெல்லாம் நிழல் கட்டும். உங்கள் இரவல் 70-300க்கு வேலை இங்கேதான், எல்லாம் தலைக்கு மேலே இருக்கும்.

உள் சுற்றின் கிழக்குக் கோபுர வாசலில், மேலே நெற்றி முகப்பில் ஆடும் சிவன். அவர் காலடியில் மூலையைப் பாருங்கள். எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். யார் என்று நான் சொல்லவில்லை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.


மயிலை_பாபு | வியாழன், இரவு 9.15

காரைக்கால் அம்மையார்!

வழிகாட்டி ஒருவர் ஆங்கிலக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார், பெயரை ஏறக்குறைய சரியாகவே சொன்னார், “காரைக்கால்” என்று ‘ழ’ மாதிரி ஒரு ‘ல்’ போட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வீட்டில் பாட்டி சொன்ன கதை, மாம்பழம், பேய் வடிவம், தலையால் நடந்து கயிலை போனது, அதெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே எப்படி வந்தது? கம்போடியர்களின் கெமர் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன், படிப்பது வேறு, அந்த அம்மா மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு.

7.40க்கு எடுத்த படமும் 9.50க்கு எடுத்த படமும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறேன். முதலாவதில் அவரைத் தேட வேண்டும், உமா மேடம் சொன்ன மாதிரி தட்டை. இரண்டாவதில் விலா எலும்பை எண்ணலாம். 300 எம்எம், எஃப் 8, ஐஎஸ்ஓ 400. கை நடுங்கி நிறைய வீணாயிற்று, ட்ரைபாடை விடுதியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

பின்குறிப்பு: டுக்டுக் பையனுக்கு டிப்ஸ் கொடுத்தேன். இராவணன் கயிலையை அசைக்கும் முகப்பை அவர்தான் கூட்டிப்போய்க் காட்டினார்.


பிக்சல்_ராஜா | வியாழன், இரவு 9.40

இதில் வானமே இல்லையே, நான் எதை மாற்றுவது?


படிப்பவர்_மட்டும் | வெள்ளி, காலை 6.20

வணக்கம். ஐந்து வருஷமாக இங்கே வாசிக்கிறேன், இதுதான் முதல் பதிவு. எனக்குக் கேமரா எல்லாம் தெரியாது. நாங்கள் காரைக்கால்தான். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் எங்கள் வீட்டு மாடியிலிருந்தும் மாம்பழம் வீசுவோம். அம்மாவுக்கு இப்போது நடமாட்டம் இல்லை, அவரிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். போனில் சின்னதாகத் தெரிகிறது என்கிறார். பெரிய அளவில் கிடைக்குமா அண்ணா?


மயிலை_பாபு | வெள்ளி, காலை 7.05

தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். இன்று இரவு விமானம். சென்னை வந்ததும் 12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். 9.50 படம்தானே?


படிப்பவர்_மட்டும் | வெள்ளி, காலை 7.30

அதுதான் அண்ணா. விலா எலும்பு தெரிகிறது.